கண்ணாடி மணியும் கல்நாரும்

கழுத்தில் கிடக்கும் பாசிமணியைக் காண்போர் அதன் நிறத்தைக் காண்பர், கோப்பைக் காண்பர், விலையைக் கேட்பர். அந்த மணி நெருப்பினின்று வெளிவந்து எதன்மேல் விழுந்தது, எதன்மேல் உருண்டது, எதற்குள் கிடந்து ஆறியது என்று கேட்பாரைக் காணோம். இஃது அற்பக் கேள்வியெனச் சிலர் நகைக்கலாம். ஆயினும் மணித்தொழிலின் வரலாற்றை இக்கேள்வியைக் கொண்டே ஆராய முற்பட்டால், தொழிலாளியின் உயிருக்கு உலகம் எக்காலத்தில் என்ன மதிப்பு வைத்தது என்பது விளங்கிவிடும். ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

கண்ணாடி, இரும்பைப்போல் ஒரு குறித்த சூட்டில் திடீரென உருகுவதன்று. ஏறத்தாழ 700 பாகை செண்டிகிரேடில் நெகிழத் தொடங்கி, மேலும் சூடேற ஏறத் தேன்போல் இழுபடும். சுடர்முன் அமர்ந்து மணி செய்பவர், களிமண் பூசிய கம்பியில் இவ்விளகிய கண்ணாடியைச் சுற்றி உருட்டுகிறார். ஒரு துளி தவறினால் மேசையில் விழும். கண்ணாடிக்கோல் வெடித்தால் தணல்போன்ற துண்டு தெறிக்கும். ஆகவே அவருடைய மேசைத்தளம் எரியக்கூடாது, கண்ணாடியோடு ஒட்டக்கூடாது, சூடான மணியைத் திடுமெனக் குளிரச்செய்து வெடிக்கவிடக்கூடாது. இம்மூன்று தேவைகளையும் மணிசெய்வோர் பண்டுதொட்டே அறிந்திருந்தனர். தளம் அதன்முன் அமர்ந்திருப்பவரைக் கொல்லவுங்கூடாது என்னும் நான்காவது தேவையோ, அண்மைக்காலம் வரை எழுதப்படாமலே கிடந்தது.

முதற்கண் நம் நாட்டுத் தொழிலைக் காண்போம். புதுச்சேரிக்கு அணித்தாயுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபொழுது, உரோமாபுரியின் மட்கலங்கள் வெளிப்பட்டதையே உலகம் பெரிதாகப் பேசிற்று. ஆனால் அம்மண்ணில் கிடைத்த சிறுசிறு கண்ணாடி மணிகளின் கதை அதனினும் நெடியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என ஒவ்வொன்றும் ஒரே நிறமுடைய இம்மணிகளில் பெரும்பாலானவை ஓர் உளுந்தளவே இருக்கும். ஆப்பிரிக்கக் கரைமுதல் கீழ்த்திசைத் தீவுகள்வரை இவ்வின மணிகள் பரவிக் கிடப்பதை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இவற்றுக்கு ‘இந்தோ பசிபிக் மணிகள்’ எனப் பெயரிட்டார். நாம் வாழும் இந்நாட்டிலும் கெடாவின் சுங்கை மாஸ், பேராக்கின் கோலா சிலின்சிங் ஆகிய இடங்களில் இவை மிகுதியாகக் கிடைத்துள்ளன. கப்பலில் வந்திறங்கியவை போக, இவ்விடங்களிலேயே மணி செய்ததற்கான அடையாளங்களும் உண்டென்பது அவ்வறிஞரின் முடிபு. இரப்பர் மரம் இங்கு வேர்விடுவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே, நெருப்புவேலையின் கைத்திறன் இக்கரைக்கு வந்துவிட்டது.

அத்திறன் எத்தகையது என்பதை அறிய ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆந்திர நாட்டில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் அத்தொழில்முறை நம் காலம்வரை உயிரோடிருந்தது. களிமண்ணால் அமைத்த உலை. நீண்ட உட்குழல் கொண்ட இரும்புக்கோலின் நுனியில், இளகிய கண்ணாடியைத் திரட்டித் திரட்டிக் கூம்புபோல் உருவாக்குவர். அதனை உலைக்குள் செலுத்தியபின், மறுபுறத்தில் அமர்ந்தவர் கொக்கியால் கண்ணாடி நுனியைப் பற்றி, கைமாற்றிக் கைமாற்றி ஓயாமல் இழுப்பார். நூல்போல் மெலிந்த குழாய் நீண்டு வரும். அதனைத் துண்டங்களாக முறித்து, கட்டுக்கட்டாய்க் கூரிய அலகின்மேல் வைத்துக் கொத்தினால் மணிகள் சிதறும். கொத்திய மணியின் விளிம்பு கூர்மையாயிருக்கும். அணிவார் கழுத்தைக் கிழிக்கும். அவ்விளிம்பை மழுக்குவதிலேதான் இத்தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

மணிகளைச் சாம்பலோடு பிசறி, சட்டியிலிட்டு, உலைச்சூட்டில் வைத்துக் கிளறுவர். சாம்பல் மணிகளின் துளைக்குள் புகுந்து துளை மூடாமற் காக்கும். மணிக்கும் மணிக்கும் இடையே நின்று ஒன்றோடொன்று ஒட்டாமற் காக்கும். சூட்டை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும். சட்டி ஆறியபின் சல்லடையில் சலித்தால் உருண்டு திரண்ட மணி மேலே நிற்கும். சாம்பல் கீழே வீழும். அடுப்படியில் கிடக்கும் சாம்பல்! விலையில்லாதது, எரிந்து முடிந்ததாதலின் மீண்டும் எரியாதது, கண்ணாடியை ஒட்டாதது. மேலே கூறிய மூன்று தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றியது இவ்வெளிய பொருளே.

முன்னோர் செய்ததெல்லாம் நன்றென்று போற்றித் திரிவது நம் வழக்கமன்று. அவ்வுலைக்கூடத்தில் புகையும் வெக்கையும் இருந்தன. குழாய் இழுத்தவரின் கையிலே தழும்பும் கண்ணிலே எரிச்சலும் இருந்திருக்கும். ஆயினும் அவர் மணியை ஆற வைத்த சாம்பல், இருபது முப்பதாண்டு பதுங்கியிருந்து அவர் மூச்சுப்பையைப் பிளக்கும் தன்மையதன்று. இவ்வேற்றுமையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி மேல்நாட்டுக்குச் செல்வோம். ஐரோப்பாவில் கண்ணாடி மணிக்குப் பேர்பெற்ற நகரம் வெனிஸ். மரவீடுகள் நெருங்கிய அந்நகரத்தில் உலைத்தீயினால் ஊரே அழியுமென்றஞ்சிய ஆட்சியாளர், 1291இல் கண்ணாடி உலைகளை நகரினின்றும் அகற்ற ஆணையிட்டனர். அத்தொழில் முரானோ என்னும் தீவிலே நிலைபெற்றது. தொழில் மறைகள் வெளிச்செல்லாமற் காப்பதற்கும் அத்தீவு துணையாயிற்று என்பர். எங்ஙனமாயினும், ஒரு நகரமே தன் மேசைத்தளத்தைத் தேர்ந்தெடுத்த கதை இஃதெனலாம். நாற்புறமும் கடல்நீர் சூழ்ந்த நிலத்தினும் தீக்கஞ்சாத தளம் வேறேது? ஊர் தப்பியது, உலைக்கூடத்தார் உலையோடு தீவில் வைக்கப்பட்டனர். அங்கே இளகிய கண்ணாடியை உருட்டுவதற்குச் சலவைக்கல் பலகையைப் பயன்படுத்தினர். பிற்காலத்தில் இரும்புத் தகடு அவ்விடத்தைப் பெற்றது. விளக்குச் சுடரில் துருத்தியால் காற்றூதி மணி செய்யும் முறையும் வெனிஸில் செழித்து, மெல்ல வீட்டுத் தொழிலாயிற்று. உலை வீட்டுக்குள் வந்த கணமே, மரமேசையைக் காப்பது எங்ஙனம் என்னும் கவலையும் உடன் வந்தது.

அதே வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, 1295இல் கீழ்நாட்டினின்றும் மீண்டு, தம் பயண நூலில் ஒரு செய்தி கூறினார். நெருப்பில் வாழும் சாலமாண்டர் என்றொரு பிராணி உண்டென்றும், அதன் உரோமத்தால் நெய்த ஆடை தீயில் வேகாதென்றும் அக்கால ஐரோப்பியர் நம்பினர். அது வெறுங்கதை, மலையினின்று வெட்டியெடுக்கும் ஒருவகைக் கல்லை இடித்து, கழுவி, நாராக்கி, நூற்று நெய்வதே அவ்வாடை என்று, அச்சுரங்கத்தை மேற்பார்த்த துருக்கியத் தோழரிடம் கேட்டறிந்து அவர் எழுதினார். மூடநம்பிக்கையைப் போக்கிய அவ்வுரையை நாம் பாராட்டுகிறோம். அந்தக் கல்லே நாம் கல்நார் என்றும் ஆஸ்பெஸ்டாஸ் என்றும் வழங்குவது. பிராணிக்கதை ஒழிந்தது, ஆனால் தீயில் வேகாத பொருள் தீமை செய்யாது என்னும் வேறொரு நம்பிக்கை அவ்விடத்தில் வந்தமர்ந்துவிட்டது. அதனைக் கலைக்க மேலும் அறுநூறாண்டு சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கல்நார்ச் சுரங்கங்கள் பெருகின. நூல், கயிறு, அட்டை, தகடு என்று எவ்வுருவிலும் அது மலிவாகக் கிடைத்தது. ஆய்வுக்கூட மேசை, பற்றவைப்போர் பட்டறை, கண்ணாடி ஊதுவோர் மேசை ஆகிய எங்கும் கல்நார்த் தகடு விரிக்கப்பட்டது. சூடான பொருளைப் பிடிக்கக் கல்நார்க் கையுறை. மணியை ஆறவைக்கக் கல்நார்ப் போர்வை. பள்ளியில் அறிவியல் பயின்ற முதியோர், கொதிகலத்தின்கீழ் வைத்த கம்பிவலையின் நடுவே வெண்மையாய் வட்டமிட்டிருந்ததை நினைவு கூர்வர், அதுவும் கல்நாரே. எரியாது, ஒட்டாது, மணியை வெடிக்கவும் விடாது. மூன்று தேவைகளுக்கும் முழு மதிப்பெண் பெற்ற பொருள்! ஆனால் பன்முறை சுடுபட்ட கல்நார் உறுதி தளர்ந்து பொடியும். கோலால் உரசினாலும், கத்தியால் கீறினாலும், மாலையில் துடைப்பத்தால் பெருக்கினாலும் கண்காணா நுண்ணிழைகள் எழுந்து மிதக்கும். சுடர்முன் குனிந்து வேலைசெய்பவரின் மூக்கோ மேசைக்கு ஒரு முழ உயரத்திலே இருக்கிறது.

யாருக்கும் தெரியாமல் நேர்ந்தது என்று சமாதானம் கூற இடமில்லை. 1898இலேயே பிரிட்டனின் தொழிற்சாலைப் பரிசோதகர்களில் ஒருவரான லூசி டீன் என்னும் மாது, கல்நார்த் தூசி தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுப்பதைத் தம் அறிக்கையில் எழுதினார். உருப்பெருக்கியின்கீழ் அத்தூசியை நோக்கியபோது, அஃது உடைந்த கண்ணாடியைப்போல் கூரிய முனைகளோடு காணப்பட்டதாம். கண்ணாடிச் சிதறலைத் தாங்குவதற்கென விரித்த தளமே கண்ணாடிச் சிதறல் போன்றதென்று ஒரு பெண்மணி எழுதி வைத்தார். படித்தவர் மடித்து வைத்தனர்.

1924இல் ராச்டேல் நகரத்துக் கல்நார் நூற்பாலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா, 33ஆம் வயதில் மாண்டார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், மருத்துவ ஏட்டில் அதனை வெளியிட்டார். முதலாளிமார் தொழிலால் வந்த நோயென அதனை ஒப்பவில்லை, நட்டஈடும் தரவில்லை. 1930இல் அரசாங்கத்தின் பொருட்டு மெரிவெதர், பிரைஸ் என்பார் 363 தொழிலாளரைச் சோதித்து, 95 பேருடைய நுரையீரல் தழும்பேறி இறுகியிருந்ததைக் கண்டறிந்தனர். நால்வரில் ஒருவருக்கு மேல்! மறுவருடமே விதிகள் பிறந்தன. ஆனால் அவ்விதிகள் கல்நாரை நூற்றுத் தகடாக்கும் ஆலைகளின் சில வேலைகளுக்கே பொருந்தின. அத்தகட்டை விலைக்கு வாங்கி மேசையில் விரித்துக்கொண்ட சிறு பட்டறைக்காரரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. கூலிக்காரருக்குச் சட்டம் தாமதித்து வரும். தனித்திருந்து கைவேலை செய்பவருக்கோ அந்தத் தாமதித்த சட்டமும் வருவதில்லை.

1955இல் ரிச்சர்ட் டால், கல்நார் ஆலைத் தொழிலாளருக்கு நுரையீரற் புற்றுநோய் மிகுவதைக் காட்டினார். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடனுழைத்தோரும், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் அரிய புற்றுநோய்க்கு ஆளான 33 பேரைப் பற்றி எழுதினர். அவர்களிற் சிலர் சுரங்கத்தில் இறங்காதவர். சுரங்கத்தின் அருகே வாழ்ந்தவர் அல்லது சிறுவயதில் அப்பக்கம் விளையாடியவர். இழை உட்சென்று நோய் தோன்ற இருபது, நாற்பது ஆண்டுகளும் ஆகும். ஆதலால் இளமையில் தும்மலோடு போயிற்றென எண்ணியது முதுமையில் வந்து கழுத்தைப் பிடிக்கும். பிரிட்டன் நீல, பழுப்புக் கல்நாரை 1985இலும் வெள்ளைக் கல்நாரை 1999இலும் தடை செய்தது. சிங்கப்பூர் கட்டடப் பொருள்களில் அதனை 1989இல் விலக்கிற்று. இந்தியாவிலோ கல்நார்ச் சிமெண்டுத் தகடு இன்றும் கடைகளில் விற்கிறது. நம் பழைய லயங்களிலும் கடைவீடுகளிலும் அத்தகைய கூரை வேய்ந்தவை இன்னும் உண்டு.

இனி, இன்று சுடர்மேசை அமைப்போர் எதனைத் தேர்வர்? வெறும் மரப்பலகை உதவாது. மரத்தின்மேல் இரும்புத் தகட்டை மட்டும் ஆணியடித்து வைப்பாரும் உளர். இரும்பு சூட்டை அப்படியே கீழே கடத்துமாதலின், மேலே தீயின்றியே கீழே மரம் கருகும். ஆகவே கல்நார் கலவாத சிமெண்டுப் பலகையை அடியிலிட்டு, அதன்மேல் உருக்குத் தகட்டை வைத்து, இடையே சிறிது காற்றுவெளி விடுவது நன்று. சலவைக்கல்லும் பீங்கான் ஓடும் எரிவதில்லை. ஆனால் குளிர்ந்த கல்லைத் தொட்ட சூட்டுமணி வெடிக்கும். மணியை உருட்டக் கண்ணாடி ஒட்டாத காரீயகப் பலகை உண்டு. கல்நாருக்கு மாற்றென விற்கும் செயற்கைப் பீங்கான் இழைப் போர்வையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. அதன் தூசியும் புற்றுநோய் விளைக்கக்கூடுமென உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஐயுற்றிருக்கிறது.

மணியை ஆறவைக்க வெர்மிகுலைட் என்னும் பொரிமணலைச் சட்டியில் நிரப்புவோர் பலர். நம் சாம்பற்சட்டியின் மேனாட்டுத் தம்பி என்று அதனைச் சொல்லலாம். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து லிபி என்னும் ஊரின் சுரங்கத்தினின்று 1990வரை வெளிவந்த பொரிமணலில் கல்நார் கலந்திருந்தது. அவ்வூரார் பலர் நோயுற்று மடிந்தபின், 2009இல் அந்நாட்டரசு அங்கே பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. ஆதலின் பழைய மூட்டையெனில் எவ்வூர் மண்ணென்று தெரியாமல் அவிழ்க்க வேண்டா.

பட்டறையின் மூலையிலோ பழம்பொருள் கடையிலோ நரைத்த நிறமுள்ள பழைய தகடு கிடந்தால், மலிவென்று மகிழ்ந்து அறுக்கவும் துளையிடவும் தேய்க்கவும் வேண்டா. உடைந்து கிடப்பின் துடைப்பத்தால் பெருக்காது, நீர் தெளித்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக் உறையிற் பொதிந்து, பெயரெழுதி ஒட்டி, அதனை அகற்ற உரிமம் பெற்றவரிடம் சேர்ப்பிக்கும்வரை பிள்ளைகள் கைபடாத இடத்தில் வைத்தல் வேண்டும்.