வெளிவிடும் பக்கம்: தாவரங்களின் கார்பன் கணக்கு எழுதப்பட்ட வரலாறு

மரம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் தருகிறது என்பது பள்ளிக்கூடத்தில் முதலில் படிக்கும் அறிவியல் வாக்கியங்களுள் ஒன்று. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. அதே மரம் இரவு பகல் பாராமல் கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டும் இருக்கிறது. நிலத்துத் தாவரங்கள் ஓராண்டில் காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் ஏறத்தாழ 12,000 கோடி டன். அதில் ஏறக்குறையப் பாதியை அவை தம் சொந்தச் சுவாசத்திலேயே திருப்பி விடுகின்றன. எஞ்சியதில் பெரும்பகுதியும் உதிர்ந்த இலை, மட்கும் வேர், மேய்ச்சல், தீ என்ற வழிகளில் காற்றுக்கே போய்விடுகிறது. வரவும் செலவும் போக நிலத்தில் தங்குவது சுமார் 300 கோடி டன்தான்.

இந்த வெளிவிடும் பக்கம் 1779-லேயே கண்டறியப்பட்டுவிட்டது. பிறகு அது மறுக்கப்பட்டது, மறக்கப்பட்டது, நுட்பமான கருவிகளின் பார்வைக்கும் தப்பியது. தாவரக் கார்பன் குறித்த நம் அறிவில் ஏற்பட்ட திருப்பங்களில் பல, யாரோ ஒருவர் இந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்ததால் வந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொட்டி மண்ணிலிருந்து கண்ணாடிக் குடுவைக்கு

பிரஸ்ஸல்ஸ் மருத்துவர் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட், உலரவைத்த மண் 200 பவுண்டைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ போத்து ஒன்றை நட்டார். தூசு விழாமல் துளையிட்ட தகட்டால் தொட்டியை மூடி, மழைநீரோ வடித்த நீரோ மட்டும் ஊற்றி வந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் மரம் 169 பவுண்டைத் தாண்டியிருந்தது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ் அளவுதான். மரம் முழுக்க நீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1648-இல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. 62 பவுண்டு மரக்கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகப் போகிறது என்ற கணக்கும் அவருடையதுதான். நாம் இன்று கரியமில வாயு என்று அழைப்பதை அவர் கையில் வைத்திருந்தார். மரத்திலிருந்து இவ்வளவு வாயு வெளியே போகிறதென்றால் அது எங்கிருந்தோ உள்ளே வந்திருக்க வேண்டும் என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை. உதிர்ந்த இலைகளையும் அவர் எடைபோடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செலவு எழுதப்படாமல் போனது முதல் சோதனையிலேயே தொடங்கிவிட்டது.

இலைகள் காற்றிலிருந்தும் உணவு பெறக்கூடும் என்று 1727-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் ஊகித்தார். 1750-களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் கரியமில வாயுவைத் தனியான ஒரு வாயுவாக இனங்கண்டார். அடுத்த பெரிய அடியை எடுத்தவர் லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி. 1771 ஆகஸ்ட் 17 அன்று, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்து மூடினார். 27-ஆம் தேதி அதே காற்றில் மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி செப்பனிடுகிறது என்ற செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது; இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி 1773-இல் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. ஆனால் சுவீடனில் வேதியியலாளர் ஷீலெ செய்துபார்த்தபோது தாவரம் காற்றைக் கெடுக்கத்தான் செய்தது. பிரீஸ்ட்லிக்கே பிந்திய சோதனைகள் ஒருமுறை ஒன்றும் மறுமுறை வேறொன்றுமாக வந்தன. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒளியைக் கவனிக்காததால் ஒருவர் உள்வாங்குவதையும் மற்றவர் வெளிவிடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் வியன்னா அரசவை மருத்துவர், டச்சுக்காரரான யான் இங்கென்ஹவுஸ். 1779 கோடையில் லண்டனுக்கு அருகே ஒரு வீட்டில் தங்கி, மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்தில் 500-க்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். இலைகளை நீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தால் அவற்றின் மேல் குமிழிகள் வரிசைகட்டி நிற்கும்; நிழலுக்கு நகர்த்தினால் நின்றுபோகும். வெப்பம் காரணமா என்று பார்க்க, வெயிலில்லாமல் சூடு மட்டும் காட்டினார், பயனில்லை. பச்சை நிறமுள்ள பாகங்கள் மட்டும், வெளிச்சத்தில் மட்டும் காற்றைச் செப்பனிடுகின்றன என்பது தெளிவாயிற்று. அதே நூலில் அவர் இன்னொன்றையும் எழுதினார்: இரவில் எல்லாத் தாவரங்களும், பூவும் வேரும் பகலிலும்கூட, காற்றைக் கெடுக்கின்றன.

இந்த இரண்டாவது கண்டுபிடிப்பு தனக்கென்று ஒரு தனி வாழ்வை எடுத்துக்கொண்டது. படுக்கையறையில் செடி வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையாக வீடுகளுக்குள் அது நுழைந்தது. நம் ஊரிலும் புளியமரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அமுக்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு ‘அது பேயல்ல, மரம் விடும் கரியமில வாயு’ என்று அறிவியல் விளக்கம் சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர். ஒரு மனிதர் நாளொன்றுக்கு வெளிவிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சால் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. திறந்த வெளியில், உச்சியில் இலையும் சுற்றிலும் காற்றோட்டமுமாக நிற்கும் மரம் தன் அடியில் படுத்தவரைத் திணறடிக்க வழியே இல்லை. இங்கென்ஹவுஸ் கண்டது உண்மை. அளவு தெரியாமல் அதைப் பயன்படுத்தியதுதான் கோளாறு.

அளவைத் தந்தவர்கள் ஜெனீவா நகரத்தார். 1782-இல் ழான் செனபியே, கரைந்த கரியமில வாயு உள்ள நீரில்தான் இலைகள் குமிழி விடுகின்றன, காய்ச்சி ஆறவைத்த நீரில் விடுவதில்லை என்று காட்டினார். 1804-இல் நிக்கோலா தியோடோர் தெ சொஸ்யூர், நித்தியகல்யாணியின் குடும்பத்தைச் சேர்ந்த வின்கா செடிகளைக் கரியமில வாயு மிகுந்த காற்றில் மூடிவைத்து, முன்னும் பின்னும் வாயுவையும் செடியின் உலர் எடையையும் அளந்தார். செடி பெற்ற கார்பன் காற்று இழந்ததற்கு ஈடாக இருந்தது. உலர் எடையோ அதையும் மிஞ்சியது. ஆகவே நீரும் உடலில் சேர்கிறது. அவர் செய்த இன்னொரு சோதனை இக்கட்டுரைக்கு நெருக்கமானது. குடுவைக்குள் சுண்ணாம்பு வைத்துக் கரியமில வாயு முழுவதையும் உறிஞ்சச் செய்தால், வெயிலிலேயே இலைகள் வாடி உதிர்ந்தன. செடி தானே வெளிவிட்டதையும் சுண்ணாம்பு பிடுங்கிக்கொண்டதால், மறுபடி எடுத்துக்கொள்ள அதற்கு எதுவும் இல்லை. ஒரே இலையில் வரவும் செலவும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தக் காலத்தில் கிடையாது.

மறுக்கப்பட்ட மூச்சு

அப்படியிருந்தும் 36 ஆண்டுகளில் இது ஓரங்கட்டப்பட்டது. 1840-இல் வேளாண் வேதியியல் நூலை வெளியிட்ட யுஸ்டுஸ் ஃபான் லீபிக், செடியின் கார்பன் மட்கிலிருந்து வருகிறது என்ற பழைய கொள்கையை உடைத்தார். அது பெரிய பணி. அதே வேகத்தில் தாவரங்கள் சுவாசிக்கின்றன என்பதையும் மறுத்தார். இரவில் வெளிவருவது வேர் உறிஞ்சிய நீரோடு ஏறி, இலை வழியே ஆவியாகிப்போகும் வாயுதான், உயிர்ச்செயல் அல்ல என்றார். அவருடைய புகழ் அந்தத் தவற்றுக்கும் நிழல் தந்தது. கார்பனை எடுத்து ஆக்சிஜனைத் தரும் உயிர் தாவரம், அதற்கு நேரெதிரானது விலங்கு என்ற அழகான சமச்சீர் அவருக்குப் பிடித்திருந்தது என்று தோன்றுகிறது; அழகு பல வேதியியலாளர்களை ஏமாற்றியிருக்கிறது.

பிரெஞ்சு ஆய்வாளர் காரோ 1851-இல் இதை மறுத்துக் காட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் விஷயத்தை நிலைநிறுத்தினார். பள்ளி ஆய்வகத்தில் இன்றும் செய்யும் சோதனை அவர் வழிவந்ததுதான்: இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மறைத்து வெயிலில் வைத்து, ஆல்கஹாலில் பச்சையம் போகும்வரை சூடாக்கி, அயோடின் விட்டால் ஒளி பட்ட பகுதி மட்டும் கருநீலமாகும். கார்பன் மாவுச்சத்தாகத் தங்குகிறது. 1884-இல் அவர் இலையின் ஒரு பாதியை மாலையில் வெட்டி உலர்த்தி எடைபோட்டார். மறு பாதியை மறுநாள் விடியலில் வெட்டினார். விடியலில் வெட்டியது எடை குறைந்திருந்தது. ஓரிரவில் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகித் தண்டுக்கும் வேருக்கும் போயிருந்தது. ஒரு பங்கு மூச்சாகிக் காற்றில் கலந்திருந்தது. தண்டுக்குப் போனது செல்லுலோசும் லிக்னினுமாக மாறினால் பல நூறு ஆண்டுகள் மரத்தில் கிடக்கும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன்தான்.

உள்வாங்கும் வேதியியல் முழுமையாகத் துலங்கியது 1950-களின் நடுவில். 1940-இல் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கண்டறிந்த கார்பன்-14 இல்லாமல் அது நடந்திராது. பெர்க்லியில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் மூவரும் குச்சிமிட்டாய் வடிவக் கண்ணாடிக் கலத்தில் பாசியை வளர்த்து, கதிரியக்கக் கார்பனைச் செலுத்தி, சில நொடிகளில் அடிக்குழாயைத் திறந்து கொதிக்கும் ஆல்கஹாலில் விழச்செய்தார்கள். கார்பன் முதலில் எந்தச் சேர்மத்தில் ஏறியது என்பதைத் தாளில் பிரித்து, எக்ஸ்ரே படச்சுருளில் கரும்புள்ளிகளாகக் கண்டார்கள். 1961-இன் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் கிடைத்தது. பென்சன் விடுபட்டது இன்றும் பேசப்படுகிறது.

இலை கார்பனைப் பிடிக்கும் இந்த வேதிச் சுழற்சியிலும் ஒரு கசிவு ஒளிந்திருந்தது. புகையிலை இலைக்கு ஒளியை அணைத்தவுடன் கரியமில வாயு குபீரென்று வெளிவருவதை 1955-இல் டெக்கர் பதிவுசெய்தார். அதற்குக் காரணம் இது: கார்பனைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோ சில வேளைகளில் தவறி ஆக்சிஜனைப் பிடிக்கிறது; அதன் விளைவாக, பிடித்த கார்பனில் ஒரு பங்கு வெளிச்சத்திலேயே வீணாகிறது. நெல்லும் பெரும்பாலான மரங்களும் இந்த இழப்பைச் சுமப்பவை. கரும்பு, சோளம், கம்பு ஆகியவை வேறொரு முன்னேற்பாட்டால் இதைப் பெருமளவு தவிர்க்கின்றன. ஹவாயில் கரும்பை ஆராய்ந்த கோர்ட்சாக்கின் குழுவும், 1966-இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் அதைக் கண்டறிந்தனர்.

இரவில் எடுத்த காற்று

இலையிலிருந்து உலகத்துக்குக் கணக்கை விரித்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1955-இல் கலிஃபோர்னியாவின் பிக் சர் பூங்காவில், ரெட்வுட் மரங்கள் உயர்ந்து நிற்கும் காட்டில், காற்றை 5 லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்தார். ஒரு மாதிரி போதும் என்ற வேலை அது. அவரோ சில மணி நேரத்துக்கு ஒன்றாக, இரவிலும் உறக்கப்பையிலிருந்து எழுந்து வந்து பிடித்தார். இரவுக் காற்றில் கரியமில வாயு எப்போதும் கூடுதலாக இருந்தது. பிற்பகலில் எந்த இடத்தில் எடுத்தாலும் பத்து லட்சத்தில் சுமார் 310 பங்கு என்ற ஒரே அளவுக்கு வந்தது. இரவில் கூடுவது எங்கிருந்து வருகிறது? கார்பன்-13 அளவைப் பார்த்தார். தாவரங்கள் அந்தக் கனமான கார்பனைக் குறைவாகவே எடுப்பதால் அவற்றின் உடலிலும் அது குறைவு. இரவுக் காற்றிலும் அது குறைந்திருந்தது. ஆக, அது காட்டின் மூச்சும் மண்ணின் மூச்சும்தான்.

1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் தொடர் அளவீடு தொடங்கியபோது 313 பங்கு காட்டியது. மே வரை ஏறியது, பிறகு இலையுதிர் காலம் வரை இறங்கியது, மறுபடி ஏறியது. முதலாண்டில் இது கருவிக் கோளாறோ என்ற ஐயம் இருந்தது. மறு ஆண்டும் அப்படியே வரவே ஐயம் நீங்கியது. வடகோளத்துத் தாவரங்கள் கோடையில் எடுத்து, குளிர்காலத்தில் திருப்பித் தருகின்றன. அந்தப் பல்வரிசைக் கோடு ஒவ்வோராண்டும் மேலே நகர்வது புதைபடிவ எரிபொருளால்; அதற்குள் ஆண்டுதோறும் ஆறேழு பங்கு ஏறி இறங்குவது தாவரங்களால். அந்த ஏற்ற இறக்கம் 1960-களை ஒப்பிட ஹவாயில் சுமார் 20 விழுக்காடு கூடியிருப்பதை கீலிங்கே 1996-இல் அறிவித்தார்.

முதிர்ந்த காட்டின் வழக்கு

முதிர்ந்த காடு எடுப்பதும் விடுவதும் சமம் என்று 1969-இல் சூழலியலாளர் யூஜின் ஓடம் எழுதியது நீண்டகாலம் பாடமாக இருந்தது. காடுகளுக்கு மேல் கோபுரம் எழுப்பி, காற்றின் சுழல்களையும் அவற்றிலுள்ள வாயுவையும் நொடிக்குப் பலமுறை அளக்கும் முறை 1990-களில் பரவியபோது, பல பழைய காடுகளும் இன்னும் சேமிப்பதாகவே தெரிந்தது. இதில் ஒரு சிக்கல். காற்றசையாத இரவுகளில் மண்ணும் மரமும் விடும் வாயு கோபுர உச்சிக்கு எட்டாமல், சரிவில் தரையோடு வழிந்துவிடும். கருவி பகல் வரவைச் சரியாகவும் இரவுச் செலவைக் குறைவாகவும் எழுதும். அசைவற்ற இரவுகளின் அளவைத் தள்ளிவிட்டு, காற்றடித்த இரவுகளைக் கொண்டு இட்டுநிரப்புவது இதனால்தான் வழக்கமாயிற்று. 2008-இல் லூசார்ட் குழு 519 இடங்களின் தரவைத் தொகுத்து, பல நூறு வயதான காடுகளும் கார்பனைச் சேர்க்கின்றன என்றது. 2021-இல் வேறொரு குழு அந்த அளவு மிகை என்று வாதிட்டது. இந்தச் சண்டையிலும் வெளிவிடும் பக்கம் இருக்கிறது.

மரக்கன்று நடும் திட்டங்களின் அறிக்கைகளில் இந்தப் பக்கத்தைக் காண்பது அரிது. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் 2021 அறிக்கை, நாட்டுக் காடுகளின் கார்பன் இருப்பை 720.4 கோடி டன் என்று மதிப்பிடுகிறது. அதில் பாதிக்கும் மேல் மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. குழி தோண்டி, பழைய புல்வெளியைப் புரட்டிக் கன்று நடும்போது அந்த மண் வெளிவிடுவதைக் கழித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அமேசானில் லூசியானா காட்டி குழுவினர் 2010 முதல் 2018 வரை நான்கு இடங்களின் மேல் சிறு விமானத்தில் ஏறி, வெவ்வேறு உயரங்களில் குடுவைகளை நிரப்பி ஏறத்தாழ 590 முறை அளந்தார்கள். காடு அதிகம் அழிக்கப்பட்டு, வறட்சிக் காலம் வெப்பமேறிய தென்கிழக்கில், நிலம் எடுப்பதைவிட விடுவது அதிகம் என்று 2021-இல் வெளியிட்டார்கள். தீயின் பங்கு அதில் பெரிது. உள்வாங்குவதைக் கணிக்க இப்போது செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. பச்சையம் ஒளிச்சேர்க்கையின்போது உமிழும் மெல்லிய சிவப்பொளியை அவை விண்ணிலிருந்தே படிக்கின்றன. சுவாசத்துக்கு அப்படிப்பட்ட ஒளி அடையாளம் எதுவும் கிடையாது. மண்மேல் மூடிய அறைகளை வைத்து, இடம் இடமாக அளந்து, வெப்பமும் ஈரமும் மாறினால் அது எப்படி மாறும் என்று கணித்தே நிரப்ப வேண்டியிருக்கிறது. எதிர்காலக் கார்பனைக் கணிக்கும் மாதிரிகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இந்தக் கணிப்பு ஒரு முக்கியக் காரணம்.