பரணில் கிடைத்த துப்பாக்கி



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், தாத்தா வீட்டைப் பிரிக்கிறோம். பரண்ல ஒரு துப்பாக்கி இருக்கு. கட்டபொம்மன் காலத்ததுன்னு பாட்டி சொல்லுவாங்க. வந்து பாருங்க சார்" என்றான். போனேன்.

வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கி. முதல் வேலையாக ஒரு குச்சியைக் குழலுக்குள் விட்டு அடிவரை போகிறதா என்று வெளியே வைத்து அளந்தேன். பழைய துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தபடியே கிடப்பதுண்டு. இதில் இல்லை.

அடுத்து குதிரையைப் பார்த்தேன். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799இல். அன்றைய கும்பினித் துப்பாக்கியில் குதிரையின் வாயில் சிக்கிமுக்கிக் கல் இருக்கும். இதிலோ கேப் மாட்டும் சிறு முளை. கேப் முறைக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் காப்புரிமை வாங்கியதே 1807இல்தான். ஆகவே பாட்டி சொன்னது சரியில்லை. பையன் முகம் வாடிவிட்டது.

துருவைத் துடைத்தபோது கிரீடக் குறியும் 1860 என்ற ஆண்டும் தெரிந்தன. குழலை மரத்தோடு பிணைக்கும் பட்டைகள் மூன்று. 1853 மாதிரி என்ஃபீல்டின் சாயல்! 1857 கிளர்ச்சியில் பேசப்படும் அதே என்ஃபீல்டு. பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா என்று நாம் பாடம் நடத்துவோமே, அதற்குரிய துப்பாக்கி.

ஆனால் அந்த என்ஃபீல்டின் குழலுக்குள் மூன்று சுழல் வரிகள் ஓடும். குண்டு சுழன்று போவதால் பல நூறு கஜம் தள்ளியும் குறி பார்க்கலாம். துளை சுமார் 14.7 மில்லிமீட்டர். டார்ச் அடித்துப் பார்த்தேன். இதில் வரியே இல்லை, வழவழவென்று இருந்தது. துளையும் 16 மில்லிமீட்டருக்கு மேல். தூரத்துக்கு ஏற்றபடி உயர்த்தும் குறிமுனைக்குப் பதில் அசையாத ஒரு கட்டை.

அப்போதுதான் பிடிபட்டது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாயிடம் நல்ல ரைபிளைக் கொடுக்க ஆங்கிலேயருக்குப் பயம். வரிகளைக் கடைந்து எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். சுவர் மெலிந்து குழல் புடைத்ததால், 1859இல் தடித்த குழலோடு வரியில்லாமலே புதிய மாதிரி செய்தார்கள். பார்வைக்கு என்ஃபீல்டு, நூறு கஜம் தாண்டினால் குறி நிற்காது. 1860களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய் பின்வழியாகத் தோட்டா போடும் ஸ்னைடருக்கு மாறினான். நம்மவன் கையில் அப்போதும் வாய்வழித் துப்பாக்கிதான். 1878 ஆயுதச் சட்டம் பொதுமக்களிடமும் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்கு.

முப்பது வருஷம் கொழுப்பு தடவிய தோட்டாவைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்குப் பின் அந்தச் சிப்பாய் கையில் எதைக் கொடுத்தார்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் கண்ணுக்குப் புரிந்தது.

"கட்டபொம்மன் காலத்தது இல்லப்பா. ஆனா வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்துப் பயந்ததுக்கு இது சாட்சி" என்றேன். பையன் முகத்தில் மறுபடி வெளிச்சம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது கிடைத்தால் எண்ணெய் போட்டுச் சுட்டுப் பார்க்காதீர்கள். இரும்புக்கடையிலும் போடாதீர்கள். பழைய துப்பாக்கியானாலும் சட்டம் உண்டு. முதலில் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். அவனும் மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டான்.

பாட்டிக்கு மட்டும் இன்னும் அது கட்டபொம்மன் துப்பாக்கிதான். நான் திருத்தப் போகவில்லை.