எரிமலைக்கு முந்தைய சேன்-பியேர்

கரீபியக் கடலில் இன்றும் பிரான்சின் ஒரு பகுதியாக இருக்கிற தீவு மார்த்தினிக். அதன் வடமேற்குக் கரையில் சேன்-பியேர் என்ற பழைய ஊர் இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்குத் தவறாமல் காட்டப்படுவது ஒரு சிறைக் கொட்டடி. தடித்த கல்சுவர், காற்றுக்குச் சிறு திறப்பு, அவ்வளவுதான். 1902 மே 8 காலையில் மோன் பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் ஏறக்குறைய 28,000 பேர் மாண்டுபோனார்கள். இந்தக் கொட்டடிக்குள் தனிமைச் சிறையில் கிடந்த சிப்பாரிஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி தீக்காயங்களோடு பிழைத்தார். பிறகு ஓர் அமெரிக்க சர்க்கஸ் கம்பெனி அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்சிப்பொருளாக்கியது. சேன்-பியேரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய குட்டி ரயிலுக்கும் அவர் பெயர்தான் வைத்தார்கள்.

கொட்டடிக்குப் பக்கத்திலேயே இடிந்த நாடக அரங்கின் படிக்கட்டு நிற்கிறது. கொஞ்சம் தள்ளி ஓர் அருங்காட்சியகம். உள்ளே வெப்பத்தில் நசுங்கிப்போன தேவாலய மணி. பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் எரிமலையின் கணக்கில் எழுதிவிட்டால் ஒரு வசதி இருக்கிறது. இந்த ஊர் யாருடைய உழைப்பில் 'கரீபியனின் பாரிஸ்' ஆனது என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

1635இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய ஊர் இது. கரும்பும் ரம்மும் இதை வளர்த்தன. கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். 1848இல் இந்தச் சிறிய தீவில் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் அடிமைகள்.

அந்த ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி பாரிசில் அடிமைமுறை ஒழிப்பு ஆணை கையெழுத்தானது. ஆனால் ஒவ்வொரு காலனியிலும் அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். ஏன் இரண்டு மாதம்? கரும்பு அறுவடை முடிய வேண்டாமா!

அந்த ஆணையைச் சுமந்த கப்பல் மார்த்தினிக்குக்கு வந்து சேர்வதற்கு முன்பே தீவில் வேறொன்று நடந்துவிட்டது. மே 20ஆம் தேதி, சேன்-பியேருக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் ரோமேன் என்ற அடிமையைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் செய்த குற்றம், தடையை மீறி முரசு அடித்தது. தோழர்களே, இந்த வரியை நான் முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. எந்தத் தெருவில் பறை அடிக்கலாம், எந்தத் தெருவில் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மக்கள் திரண்டார்கள். ரோமேனை விடுவிக்க வேண்டியதாயிற்று. மே 22ஆம் தேதி பக்கத்து ஊரான லெ பிரேஷேரில் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். அன்றிரவு சேன்-பியேர் பற்றி எரிந்தது. ஒரே வீட்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். மறுநாள், மே 23ஆம் தேதி, ஆளுநர் ரொஸ்தொலான் தானே அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவித்தார். பாரிஸ் ஆணை ஜூன் தொடக்கத்தில் வந்து இறங்கியபோது விடுவிப்பதற்கு அங்கே யாரும் மீதியில்லை.

ஆனாலும் நூறாண்டுக்கு மேலாகச் சிலை நின்றது ஆணையை எழுதிய விக்தர் ஷோல்ஷேருக்கு. அவர் நேர்மையான ஒழிப்புவாதி, அதில் சந்தேகமில்லை. 2020 மே 22ஆம் தேதி மார்த்தினிக் இளைஞர்கள் அவருடைய இரண்டு சிலைகளைக் கீழே தள்ளினார்கள். தேதியைக் கவனியுங்கள்.

1849இல் பிரெஞ்சு அரசு தன் காலனிகள் அனைத்துக்குமாகச் சேர்த்து 12.6 கோடி பிராங்க் இழப்பீடு வழங்கச் சட்டம் போட்டது. வாங்கியவர்கள் எஜமானர்கள். விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை, ஒரு குழி நிலமும் இல்லை. அவர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள், அல்லது முறையான கூலி கேட்டார்கள். கூலியைக் குறைக்க முதலாளிகளுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இங்கேதான் நாம் வருகிறோம். 1853 மே 6ஆம் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூறு பேருக்கு மேல் சுமந்துவந்து இதே சேன்-பியேரில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் வந்தார்கள், பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக வந்த தமிழர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். காரைக்காலைச் சுற்றியிருந்த தஞ்சை வட்டாரத்தில் 1843இன் சட்டத்துக்குப் பிறகு அடிமைமுறையை நீதிமன்றம் ஏற்காது. ஆனால் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். கப்பலேறியவர்களில் பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமானோர்.

'கடல் கடந்து கொடி நாட்டிய தமிழன்' என்று பெருமை பேசும் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். முதுகலையில் எங்களுக்குப் புலம்பெயர்வு ஒரு பாடமாக இருந்தது. எண்ணிக்கை இருந்தது, கப்பல் இருந்தது, சாதி மட்டும் இல்லை. நம்மவர்கள் அங்கே இறக்கப்பட்டது, அப்போதுதான் விடுதலை பெற்ற இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களின் கூலியை உடைப்பதற்காக. அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் முதலாளிக்குத் தெரியும். கறுப்பின மக்கள் 'கூலி' என்று நம்மவர்களை இழிவாகப் பேசினார்கள் என்பது உண்மை. அந்தப் பகையால் லாபம் அடைந்தது யார் என்பதும் உண்மை.

ஒப்பந்தம் முடிந்து பலர் ஊர் திரும்பினார்கள். தோட்டங்களில் செத்தவர்களும் ஏராளம். தங்கியவர்களில் ஒரு பகுதியினர் ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் நகரின் ஒரு குடியிருப்பில் ஒதுங்கி வாழ்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வேலை, நகரத் தெருக்களைக் கூட்டுவது. எத்தனையோ ஆயிரம் மைல் கடலைத் தாண்டிப் போனவர்கள் கையிலும் துடைப்பம்தான்.

சேன்-பியேரிலிருந்து மலையைச் சுற்றி வடக்கே போனால் பாஸ்-புவான்த். கவிஞர் எமே செசேர் பிறந்த ஊர். அங்கே தோட்டத்துக் கோயில்களில் மாரியம்மனோடு 'மல்தெவிலின்' என்றொரு சாமியும் உண்டு. கிரியோல் நாக்கில் தேய்ந்துபோன பெயர் அது. நம் ஊரில் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று கதையாகப் பாடப்படுகிற மதுரைவீரன். தமிழ் பேச்சுமொழியாக அங்கே எப்போதோ நின்றுவிட்டது. அவனுக்குக் கிடா வெட்டுவது இன்னும் நிற்கவில்லை, அப்போது மேளமும் அடிக்கிறார்கள்.