தன்னை உண்ணும் உயிரணு

2016இல் யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது முதல், 'விரதத்தின் மகிமையை மேலைநாட்டார் ஒப்புக்கொண்டுவிட்டனர்' என்றொரு பேச்சு உலவுகிறது. தைப்பூச விரதம் வேரோடிய பழனி, நெய்க்காரப்பட்டி வட்டாரத்தாருக்கு இனிக்கும் செய்திதான். ஆனால் வரலாறு சொல்லும் கதை சற்றே வேறு.

பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் லைசோசோமை உலகுக்கு அறிவித்தார். செரிக்கும் நொதிகளை அடைத்து வைத்திருக்கும் நுண்பை அது. உயிரணுவின் சொந்த உறுப்புகளே இத்தகைய பைகளுக்குள் சிதைந்து கிடப்பதை மின்னணு நுண்ணோக்கி காட்டியது. இதற்கு 1963இல், இலண்டன் கருத்தரங்கு ஒன்றில், 'ஆட்டோஃபேஜி' என்று அவர் பெயரிட்டார். 'தன்னுண்ணல்' எனலாம். பெயர் கிடைத்தது, அதை இயக்கும் மரபணுக்கள் எவை என்பது மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை.

விடை எளிய ஈஸ்டிலிருந்து வந்தது. நெய்க்காரப்பட்டியின் வெல்ல ஆலைகளில் காய்ச்சாமல் விட்ட கரும்புச்சாற்றைப் புளிக்க வைக்கும் அதே இனம்தான். 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் அமைத்த ஓசுமி, செரிக்கும் நொதிகளற்ற ஈஸ்டைப் பட்டினி போட்டார். அள்ளிவந்த குப்பையை எரிக்க ஆளில்லாதது போல, சில மணி நேரத்தில் அதனுள் நுண்குமிழிகள் குவிந்தன. 1993இல் இச்செயலுக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை அவர் குழு இனங்கண்டது. அவற்றுள் பலவற்றின் உறவினங்கள் நம் உடலிலும் உண்டு.

பிறகு நோய்களின் முகம் தெளிந்தது. 2006இல், மூளை நரம்பணுக்களில் தன்னுண்ணலை இழந்த எலிகளிடம் புரதக் கழிவு தேங்கி நரம்புகள் சிதைந்தன. உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமியையும் தன்னுண்ணல் ஒடுக்கும் என்று 2004இல் தெரிந்தது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதாயாவின் குழு, பார்க்கின்சன் நோய்க்கு உதவக்கூடிய மூலக்கூறுகளை ஈஸ்டைக் கொண்டே தேடியது.

ஆயினும் இது இருமுனைக் கத்தி. தொடக்கத்தில் புற்றைத் தடுக்கும் தன்னுண்ணலே, வளர்ந்துவிட்ட கட்டிக்குப் பஞ்சகாலத் தானியமாகி அதை வாழவைப்பதும் உண்டு.

ஓசுமி பட்டினி போட்டது ஈஸ்டை, மனிதரை அல்ல. இத்தனை மணி நேரம் உண்ணாதிருந்தால் இன்ன நோய் தீரும் என்று அவர் ஆய்வு கூறவில்லை. விரதம் பக்தியின் பொருட்டாயின் அதற்கு நோபலின் சான்று வேண்டியதில்லை. ஆனால் நீரிழிவுக்கு மருந்துண்ணும் ஒருவர் அந்தப் பரிசை நம்பி உணவைக் கைவிட்டால், சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.