உடல் எடை அதிகமாக இருந்தால் தடுப்பூசியின் பலன் குறையுமா? தரவுகள் சொல்வது என்ன?

உங்கள் அலுவலகத்தில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 52 கிலோ எடையுள்ள சக ஊழியருக்கும், 104 கிலோ எடையுள்ள உங்களுக்கும் அதே 0.5 மில்லிலிட்டர்தான். இரண்டு மடங்கு எடைக்கு அதே அளவு எப்படிப் போதும்?

நியாயமான சந்தேகம். ஆனால் தடுப்பூசி, உடம்பு முழுக்கப் பரவி வேலை செய்யும் பாராசிட்டமால் மாதிரி இல்லை. கிருமியின் அடையாளத்தை நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. பெரிய ஊர் என்பதற்காகத் திருடனின் போட்டோவைப் பெரிதாக அச்சடிக்க வேண்டியதில்லையே. நாய்க்கடி சிகிச்சையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ரேபிஸ் தடுப்பூசி எல்லா எடைக்கும் ஒரே டோஸ். கடிபட்ட இடத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மட்டும் கிலோ கணக்கில் கொடுக்கப்படுகிறது, ஏனென்றால் அது ரெடிமேட் ஆன்டிபாடி.

ஆக, சிக்கல் ஊசியின் அளவில் இல்லை. அந்த அடையாளத்தைப் பெற்றுக்கொள்ளும் நோய் எதிர்ப்பு மண்டலம் உடல் எடையால் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. கொரோனா காலம் இதற்குப் பெரிய அளவில் தரவுகளைக் கொடுத்திருக்கிறது.

70 சதவீதம், மூன்று மடங்கு: இரண்டும் உண்மை

இங்கிலாந்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அலசி, 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிலிருந்து இரண்டு செய்தித் தலைப்புகள் எழுதலாம். ஒன்று: "உடல் எடை அதிகமானவர்களுக்கும் தடுப்பூசி நன்றாகவே வேலை செய்கிறது". இன்னொன்று: "இரண்டு டோஸ் போட்டும் அதிக எடை உள்ளவர்களுக்கு மூன்று மடங்கு ஆபத்து". வாட்ஸ்அப்பில் எது அதிகம் சுற்றும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டும் ஒரே ஆய்விலிருந்து வருவது எப்படி? எளிய கணக்கில் பார்க்கலாம். (எண்ணிக்கை, புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டது, விகிதங்கள் மட்டும் ஆய்வை ஒட்டியவை.) பிஎம்ஐ 23 உள்ள 1,000 பேர் தடுப்பூசி போடாமல் இருந்தால் 10 பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். பிஎம்ஐ 44 உள்ள 1,000 பேரில் 30 பேர். இப்போது இரு குழுவுக்கும் இரண்டு டோஸ் போடுகிறோம், ஆபத்து 70% குறைகிறது. முதல் குழுவில் 3 பேர், இரண்டாவது குழுவில் 9 பேர். ஊசி இரண்டு பக்கமும் ஒரே அளவு வேலை செய்திருக்கிறது. ஆனால் மூன்று மடங்கு இடைவெளி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அது ஊசிக்கு முன்பே இருந்த இடைவெளி.

இதே கணக்கை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். முதல் குழுவில் தடுப்பூசி 7 பேரைக் காப்பாற்றியது. இரண்டாவது குழுவில் 21 பேரை. "குண்டா இருந்தா ஊசி வேஸ்ட்" என்று யாராவது சொன்னால், தரவு சொல்வது கிட்டத்தட்ட அதற்கு நேரெதிர்: அதிக எடை உள்ளவர்கள் ஊசியைத் தவறவிட்டால் இழப்பு பெரிது.

அந்த ஆய்வில் உண்மையிலேயே பலன் குறைந்த குழு வேறு: எடை மிகக் குறைவானவர்கள். அவர்களிடம் பாதுகாப்பு 50% அளவில்தான் இருந்தது. இரண்டு டோஸுக்குப் பிறகும் பிஎம்ஐ 17 உள்ளவருக்கு, 23 உள்ளவரைவிட சுமார் 50% கூடுதல் ஆபத்து. இந்திய வாசகர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பாதுகாப்பு எவ்வளவு காலம் நிற்கிறது?

2023-ல் எடின்பரோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொட்டது. ஸ்காட்லாந்தில் தடுப்பூசி போட்ட 35 லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிஎம்ஐ 40-க்கு மேல் உள்ளவர்கள் தீவிர பாதிப்புக்கு உள்ளாகும் ஆபத்து, இயல்பான எடை உள்ளவர்களைவிட 76% அதிகம். எப்போது என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. இரண்டாவது டோஸுக்குப் பிறகு தொற்று வந்து, அது மருத்துவமனை அல்லது மரணம் வரை போவது, மிகை உடல் பருமன் உள்ளவர்களிடம் 10 வாரங்களில் தொடங்கியது. பிஎம்ஐ 30 முதல் 40 வரை உள்ளவர்களிடம் 15 வாரங்கள். இயல்பான எடையில் 20 வாரங்கள்.

காரணம் தேட கேம்பிரிட்ஜ் குழு ரத்த மாதிரிகளைப் பார்த்தது. மிகை உடல் பருமன் உள்ள 28 பேர், இயல்பான எடை உள்ள 41 பேர். இரண்டாவது டோஸ் முடிந்து ஆறு மாதத்தில், முதல் குழுவில் 55% பேரிடம் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மற்ற குழுவில் 12%. சின்ன எண்ணிக்கைதான், ஆனால் ஸ்காட்லாந்தின் பெரிய தரவும் அதே திசையைத்தான் காட்டுகிறது. பூஸ்டர் போட்டதும் இரு குழுவும் ஒரே மட்டத்துக்கு ஏறின. பிறகு மறுபடியும் பருமன் உள்ளவர்களிடம் வேகமாக இறங்கியது.

அதாவது கோப்பை ஒரே அளவு நிரம்புகிறது. ஒன்றில் மட்டும் சீக்கிரம் வடிகிறது.

ஆன்டிபாடி இருந்தும் காய்ச்சல் வருமா?

வரும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃப்ளூ தடுப்பூசி போட்ட 1,022 பேரிடம் நடந்த ஆய்வில், இயல்பான எடையில் 5.1% பேருக்கும், உடல் பருமன் உள்ளவர்களில் 9.8% பேருக்கும் ஃப்ளூ அல்லது ஃப்ளூ போன்ற காய்ச்சல் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. (அதே சமயம், பருமன் உள்ளவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு வரவில்லை.) விசித்திரம் என்னவென்றால், இரு குழுவின் ஆன்டிபாடி அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆய்வாளர்களின் சந்தேகம் டி-செல்கள் மீது திரும்பியது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை. லெப்டின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது, உடலில் குறைந்த அளவிலான அழற்சியை எப்போதும் புகைந்துகொண்டே இருக்க வைக்கிறது. அந்தச் சூழலில் பழைய கிருமியை நினைவில் வைத்திருக்க வேண்டிய டி-செல்கள் மந்தமாகின்றன. இது விருப்பம், ஒழுக்கம் சார்ந்த விஷயமே இல்லை, உடலியல்.

இந்தியாவில் இதை எப்படிப் படிப்பது?

முதலில் அளவுகோல். 165 செ.மீ உயரமுள்ளவருக்கு பிஎம்ஐ 40 என்றால் சுமார் 109 கிலோ. 30 என்றால் 82 கிலோ. மேலே சொன்ன ஆய்வுகளின் பெரிய எண்களெல்லாம் அந்த 109 கிலோ பக்கம். கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கும் 72 கிலோ ஆளுக்கு "76%" பொருந்தாது. ஆனால் இந்தியர்களுக்கு அதே பிஎம்ஐ-யில் உடல் கொழுப்பு அதிகம் என்பதால், இங்கே 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்பளவும் முக்கியம்: ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ எல்லை.

தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019–21) படி, இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 24% பேரின் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். தமிழ்நாட்டில் அது 40.4%, முந்தைய ஆய்வில் 30.9%. இதே இந்தியாவில் 18.7% பெண்கள் எடை குறைந்தவர்கள். ஆக, தடுப்பூசிப் பாதுகாப்பின் இரண்டு பலவீனமான முனைகளிலும் நம்மவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். இங்கிலாந்தில் ஒல்லியாக இருப்பது பல நேரம் வேறொரு நோயின் விளைவு, இங்கே வறுமையின் விளைவு. அந்த 50 சதவீதத்தை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது என்றாலும், "ஒல்லியா இருக்கேன், எனக்கென்ன" என்று நினைக்க இடமில்லை.

2021 மார்ச்சில் 45–59 வயதினருக்கு முன்னுரிமை தர மத்திய அரசு வெளியிட்ட 20 இணைநோய்கள் பட்டியலில் உடல் பருமன் இல்லை. பிரிட்டனில் அப்போது பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தால் முன்னுரிமை இருந்தது. 2022 ஜனவரியில் முன்னெச்சரிக்கை டோஸ் வந்தபோது இங்கே இடைவெளி 9 மாதம், அதாவது 39 வாரம். ஜூலையில்தான் 6 மாதமாகக் குறைந்தது. ஸ்காட்லாந்தின் 10 வாரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், குடும்ப மருத்துவரிடம் இருக்கும் எடைப் பதிவும், தடுப்பூசி, மருத்துவமனை, இறப்புப் பதிவுகளும் இணைக்கப்பட்டிருப்பது. 220 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களைப் பதிவு செய்த நம் கோவின் தளம் பெயர், பிறந்த ஆண்டு, பாலினம், அடையாள அட்டை கேட்டது. உயரமும் எடையும் கேட்கவில்லை. உலகின் மிகப்பெரிய தடுப்பூசிப் பதிவேடுகளில் ஒன்று, இந்த ஒரு கேள்விக்கு ஊமை.

அப்போ நீங்கள் என்ன செய்யலாம்?

"எடை குறையட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஊசிக்கு முன்பே உணவுமுறையை மாற்றிய எலிகளுக்குப் பாதுகாப்பு மேம்பட்டதாக 2024-ல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அது எலிகள், நீங்கள் காத்திருக்கும் மாதங்களில் கிருமி காத்திருக்காது.

ஃப்ளூ ஊசி என்றால் வருடாவருடம், மழைக்காலத்துக்கு முன்பே. பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசி அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லாததால் கைக்காசுதான். உடல் பருமனோடு சர்க்கரை நோயும் உள்ள அப்பா, அம்மா வீட்டில் இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில்.

ஊசி போடும் இடத்தில் ஒரு விஷயம் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்: ஊசியின் நீளம். மருந்து தோலடிக் கொழுப்பில் தங்காமல் தசைக்குள் போக வேண்டும். 90 கிலோவுக்கு மேலுள்ள பெண்களுக்கும் 118 கிலோவுக்கு மேலுள்ள ஆண்களுக்கும் ஒன்றரை அங்குல ஊசியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கிறது. இடம் மேல்கை, புட்டம் வேண்டாம். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி விஷயத்தில் 1985-லேயே, பருமனான மருத்துவமனை ஊழியர்களிடம் ஆன்டிபாடி குறைவாக உருவாவது பதிவாகியிருக்கிறது. நீங்கள் மருத்துவமனையிலோ லேபிலோ வேலை பார்ப்பவர் என்றால், கடைசி டோஸுக்கு ஒன்று முதல் இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். ரிப்போர்ட்டில் 10-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் டோஸ் போடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.