காதால் கேட்ட பாட்டும் கண்ணால் கேட்ட பாட்டும்

ராயகிரி போன்ற தென்காசி வட்டார ஊர்களில் 1960, 70களில் திரைப்பாட்டு பெரும்பாலும் காது வழியாகவே வந்தது. ஒரு படத்தைக் கொட்டகையில் ஓரிரு முறை பார்க்கலாம். அதன் பாட்டைக் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியிலும் இலங்கை வானொலியிலும் நூறு முறை கேட்கலாம். அறிவிப்பாளர் படத்தின் பெயரோடு பாடகர், இசையமைப்பாளர் பெயர்களையும் சொல்வார். டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் குரலை மாற்றிப் பாடியதால், படம் பார்க்காதவரும் நடிகர் யாரெனக் கண்டுகொண்டனர்.

அதற்கு முந்தைய தலைமுறையின் அனுபவம் வேறு. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவை ரசிகர்கள் நாடக மேடையில் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். திரைப்படம் எதிலும் நடிக்காமல் அவர் 1933இல் மறைந்ததால், நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் இசைத்தட்டுக் குரலே. அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாளின் குரல் கேட்டாலோ ‘ஔவையார்’ (1953) உருவமும் கூடவே வந்து நிற்கிறது. கிட்டப்பாவின் பாட்டை இன்று கேட்பவர், மேடை நடிப்பைத் தாமேதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதிலும் ஒரு சுகம் உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்தபின், வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’ தென்மாவட்டங்களையும் எட்டியது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடியது. வானொலி கேட்டபடி பீடி சுற்றலாம். தொலைக்காட்சிக்குத் தலை நிமிர்ந்தாக வேண்டும். பாட்டு மட்டும் தனியே படத்தோடு வரத் தொடங்கியதும், அது பாடகரிடமிருந்து மெல்ல நழுவி நடிகருடைய சொத்தானது.

காட்சி காதை வெல்லும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. செவ்வியல் இசைப்போட்டிகளில் வென்றவர் யாரெனச் சரியாக ஊகித்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட ஒலியில்லாத காணொளியைப் பார்த்தவர்களிடையே அதிகம் என்று சியா-ஜங் சாய் 2013இல் காட்டினார். இசைக்கலைஞர்களின் ஊகமும் அப்படியே இருந்தது.

ஆனால் காணொளி பாடகரை மறைத்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. 2011இல் யூடியூபில் பரவிய ‘கொலவெறி’ காணொளி ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டியது. ‘3’ படம் வெளிவரும் முன்பே அனிருத்தின் முகம் பழகிவிட்டது. ‘ரவுடி பேபி’யில் பெண் குரல் தீயுடையது, கண்ணில் நிற்பதோ சாய் பல்லவியின் ஆட்டம். அதே தீயை 2021இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ காணொளியில் பார்த்த பிறகுதான், பலர் அந்தக் குரலுக்குரிய முகத்தை அறிந்தனர்.