சுட்டுப்பெயரும் நினைவும்

ஒருவரையே இயற்பெயராலும் சுட்டுப்பெயராலும் அடுத்தடுத்துச் சொல்ல நேர்ந்தால் இயற்பெயர் முந்தியும் ‘அவன்’, ‘அவள்’ போன்ற சுட்டுப்பெயர் பிந்தியும் வரவேண்டும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் விதித்தது. செய்யுளில் மட்டும் இம்முறை மாறலாம் என்று இடம் கொடுத்தது. ‘கண்ணன் வந்தான், அவனுக்கு இலை போடு’ என்பதை மாற்றி ‘அவனுக்கு இலை போடு, கண்ணன் வந்தான்’ என்றால், இலை வேறு யாருக்கோ என்றுதான் கேட்பவர் எண்ணுவார். முன்னே வந்த பெயரைக் கேட்பவர் மனத்தில் வைத்திருக்கிறார் என்பதே இவ்விதியின் அடிப்படை. அந்த வகையில் அது நினைவைப் பற்றிய விதியும் ஆகும்.

அந்த நினைவை அளந்து பார்க்கும் முயற்சி மிகவும் பிற்பட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெரிடித் டேன்மன், பாட்ரிசியா கார்பென்டர் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சில வாக்கியங்களை உரக்கப் படித்துவிட்டு, ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. படித்துக்கொண்டே எத்தனை சொற்களைத் தாங்க முடிகிறது என்பதே அவரவர் ‘வாசிப்பு நினைவளவு’ எனப்பட்டது; அது இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் அமைந்தது. அளவு மிகுந்தவர்கள், பெயருக்கும் சுட்டுப்பெயருக்கும் நடுவே ஆறேழு வாக்கியங்கள் வந்தபோதும் சுட்டப்பட்டவர் யார் என்று சரியாகச் சொல்ல, அளவு குறைந்தவர்களோ தொலைவு கூடக்கூடத் தடுமாறினார்கள்.

மூளையில் இது நிகழும் இடத்தைக் காண்பதற்கு வலிப்பு நோயாளிகளின் ஒத்துழைப்பே வழிவகுத்தது. வலிப்பு தொடங்கும் இடத்தை அறிய மருத்துவர்கள் அவர்கள் மூளையில் பொருத்திய நுண்ணிய மின்முனைகளின் வழியே, நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியின் தனித்தனி நரம்பணுக்களை உற்றுநோக்க முடிந்தது. ஹாலி பெர்ரி என்ற நடிகையின் வெவ்வேறு படங்களுக்கும் எழுத்தில் காட்டிய அவர் பெயருக்கும் ஒரே நரம்பணு துடித்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகையவை ‘கருத்தணுக்கள்’ எனப்பட்டன. நெதர்லாந்து நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்று, ஒரு பெயருக்குத் துடித்த அணுவே, பின்னர் அப்பெயரைக் குறிக்கும் சுட்டுப்பெயரைப் படிக்கும்போதும் மீண்டும் துடிப்பதை நிறுவியது. இயற்பெயருக்குப் பின் சுட்டுப்பெயர் என்ற பழைய முறைக்கு இதைவிடத் தெளிவான உடற்சான்று முன்பு கிடைத்ததில்லை.

தமிழிலோ, ‘வந்தாள்’ என்ற வினைமுற்றின் ‘ஆள்’ விகுதியே எழுவாய் யாரென்று உணர்த்திவிடுவதால், சுட்டுப்பெயர் இல்லாமலே வாக்கியங்கள் நடக்கின்றன. அந்த விகுதிக்கும் அதே அணு துடிக்குமா என்பதைத் தமிழ் வாசகரிடம்தான் சோதித்தறிய வேண்டும். நம் மொழியியலாரும் நரம்பியலாரும் சேர்ந்து இதில் இறங்க வேண்டும்.